சி.வி.இராமனின் ஒளி இரைப்பைக்குள் போகிறது

நெஞ்சு எரிகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் சீரகத் தண்ணீர். அதற்குக் கேட்காவிட்டால் ஓமத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வெள்ளை மருந்து. ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு ஐந்து வருடம்கூட இப்படியே ஓடிவிடும். "காத்துதான், வேற ஒன்னும் இல்ல" என்று அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் பேச்சு எழாது. பெரும்பாலும் அப்பா சொல்வது சரியாகவே இருந்தும் விடுகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நூறு முறை காற்றாக இருந்தது, நூற்று ஒன்றாவது முறை வேறாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே முதலிடம். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போய்ச் சேரும்போது நோய் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோ இருக்கிறது என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. ஒரே இரவில் வந்த நோயாக இருந்தால் இதை விதி என்று விட்டுவிடலாம். ஆனால் வயிற்றுப் பாதையில் வரும் புற்றுநோய் ஆண்டுக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு, படிப்படியாக வருவது.

கண்ணுக்குப் பிடிபடாத படி

பெருங்குடலின் உள்சுவரில் சின்ன மொட்டுப்போல ஒரு சதை முளைக்கும். மருத்துவர்கள் அதைப் பாலிப் என்பார்கள். எல்லாப் பாலிப்பும் கெட்டதல்ல. அடினோமா என்ற வகையில் சில மட்டும் சுமார் பத்து ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. உணவுக்குழாயின் கதை வேறு. இரைப்பையின் அமிலம் மேலே ஏறி ஏறி, குழாயின் அடிப்பகுதியைப் பல ஆண்டுகள் சுட்டுக்கொண்டே இருந்தால், அங்குள்ள தோல் தன் இயல்பை மாற்றிக்கொண்டு குடலின் உட்தோலைப் போல ஆகிவிடும். இதற்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். இதுவும் புற்றுநோய் அல்ல. இந்த மாற்றம் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய்வரை போகிறது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

செல்லுக்குள் பார்த்தால் விடை கிடைக்கும். புற்றை நோக்கி நகரும் செல்லின் உட்கரு பெரிதாகும், ஒழுங்கு கெட்டு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். புரதம், கொழுப்பு, மரபணுப் பொருள் ஆகியவற்றின் அளவு மாறும். ஆனால் நல்ல நிலையில் உள்ள உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. கேமரா பொருத்திய குழாயைத் தொண்டை வழியாக இறக்கி மருத்துவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், நல்ல திசுவும் திசை மாறத் தொடங்கிய திசுவும் பல நேரம் ஒரே இளஞ்சிவப்பாகத்தான் தெரியும்.

அதனால் இன்றுவரை உள்ள வழி, அங்கங்கே கிள்ளி எடுப்பது. பேரட் மாற்றம் உள்ள இடத்தில் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை, நான்கு பக்கமும் ஒவ்வொரு துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும். இத்தனை கிள்ளினாலும் மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பகுதியைத்தான் பார்த்ததாக அர்த்தம். பத்து ஏக்கர் தோட்டத்தில் நான்கு மரத்தை வெட்டிப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்வதுபோல. பெருங்குடலிலும் நிலைமை அவ்வளவு மேலில்லை. ஒரே நோயாளிக்கு இருமுறை கொலனோஸ்கோப்பி செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் முறை ஏறக்குறைய நான்கில் ஓர் அடினோமா கண்ணில் படாமல் போனது தெரியவந்தது. தவறியவற்றில் பெரும்பாலானவை சிறியவை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

கிள்ளி எடுக்காமல், தொட்ட இடத்திலேயே, தொட்ட நொடியிலேயே இந்தத் திசு எப்படிப்பட்டது என்று சொல்ல ஏதாவது வழி உண்டா? உண்டு என்று காட்டிய இடங்களில் ஒன்று ஜொகூர்பாருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர் கடற்பாலத்தை விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கடக்கும் நம் பிள்ளைகளுக்கு சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் தெரியாத இடமல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும் அங்கேதான் உள்ளன. அங்கு பேராசிரியர் ஹுவாங் ஜிவெய் தலைமையிலான பொறியியல் குழுவும், வயிற்று நோய் நிபுணர் பேராசிரியர் ஹோ கெக் யூ போன்ற மருத்துவர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து உருவாக்கியது ஒரு மெல்லிய கண்ணாடி இழைக் கருவி. அதன் தடிமன் 1.8 மில்லிமீட்டர். சாதாரண எண்டோஸ்கோப் குழாயில் சதை கிள்ளும் இடுக்கியை நுழைக்க ஒரு துவாரம் இருக்குமே, அதே துவாரத்தின் வழியாக இது உள்ளே போகும். அதன் ஒரு வடிவத்தில் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நீலக்கல் உருண்டை பொருத்தியிருக்கிறார்கள். செயற்கை நீலக்கல், நிறமற்றது. மோதிரத்துக்கு ஆகாது. ஒளியை மேல்தோலில் மட்டும் குவித்து, ஆழத்தில் உள்ள திசுவின் குழப்பம் கலக்காமல் திரும்ப வாங்க அந்த உருண்டைதான் உதவுகிறது.

மருத்துவர் சந்தேகப்படும் இடத்தில் நுனியை மெல்லத் தொடுவார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி பாயும். திசுவில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியைக் கணினி பிரித்துப் பார்க்கும். ஒரு நொடிகூட ஆகாது. ஊசி இல்லை, சாயம் இல்லை, வெட்டு இல்லை.

இந்த முறையின் பெயர் இராமன் நிறமாலையியல். ஆம், நம் சி.வி.இராமன்தான்.

மிருதங்கம் தெரிந்தவர் கண்ட ஒளி

1888இல் திருச்சிராப்பள்ளி அருகே பிறந்த சந்திரசேகர வெங்கட இராமனைப் பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். நோபல் பரிசு, 1930, அறிவியலுக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர். தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்திவிடுவார்கள். அவர் 1920லேயே மிருதங்கத்தையும் தபேலாவையும் ஆராய்ந்து கட்டுரை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. வெறும் தோலைத் தட்டினால் சுருதியில்லாத சத்தம்தான் வரும். வலந்தலையின் நடுவில் கருப்பாக அப்பியிருக்கும் கரணையின் கனத்தால் அதிர்வுகள் ஒழுங்குபட்டு இசையாகின்றன என்று அவர் விளக்கினார். அதிர்வைக் கேட்டுப் பொருளை அறியும் காது அவருக்கு இருந்தது.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கட்டிப்போட்டது. வானத்தின் நிறம் கடலில் எதிரொலிக்கிறது என்ற பழைய விளக்கத்தை அவர் மனம் ஏற்கவில்லை. பையில் வைத்திருந்த ஒரு பட்டகத்தை எடுத்துக் கப்பல் தளத்திலேயே சோதித்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். கல்கத்தாவில் அந்த ஆராய்ச்சி ஏழு ஆண்டுகள் நீண்டது. கூடவே நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28 அன்று விடை உறுதியானது. ஒரு பொருளின்மீது ஒரே நிற ஒளியைச் செலுத்தினால், சிதறித் திரும்பும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்புகிறது. எந்த அளவுக்கு மாறியது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது.

மிருதங்கத்தையே உவமையாக வைத்துக்கொள்ளலாம். ஒளி என்பது விரல் தட்டு. மூலக்கூறு என்பது தோல். புரதம் ஒரு சுருதியில் பேசும், கொழுப்பு வேறொரு சுருதியில், மரபணுப் பொருள் இன்னொன்றில். ஆரோக்கியமான திசுவில் இவையெல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஒலிக்கோவையைத் தரும். செல் வழிமாறத் தொடங்கினால் கோவை கலையும். மேலே பார்த்தால் தோல் அப்படியே இருக்கும், தட்டினால் தெரிந்துவிடும். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வித்வான் முகம் சுளிப்பாரே, அந்த வேலையை இங்கே கணினி செய்கிறது. சதை கிள்ளி உறுதிசெய்த நோயாளிகளின் ஒளிக்கோவைகளை ஏற்கெனவே பார்த்துப் பழகிய கணினி அது.

இராமன் கண்டதற்கும் இது மருத்துவமனைக்கு வந்ததற்கும் இடையே இவ்வளவு காலம் ஏன்? சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒரு கோடிக்கு ஒன்றுதான் இப்படி நிறம் மாறித் திரும்பும். மாட்டுவண்டிச் சந்தையில் ஒரு கொலுசுச் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை. 1960இல் லேசர் வந்தது. பிறகு மிக மங்கலான ஒளியையும் பதிவுசெய்யும் உணரிகள் வந்தன. ஒளியை வளைவான வயிற்றுக்குள் கொண்டுபோகக் கண்ணாடி இழை வேண்டும். இழைக்கட்டு வழியாக உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து காட்டியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இத்தனையும் ஒரே குழாயில் சேர இவ்வளவு காலம் பிடித்தது.

எண் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர்க் குழு 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 373 நோயாளிகளின் உணவுக்குழாயில் இந்த ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். புற்றுக்கு மிக அருகில் வந்துவிட்ட திசுவை நூற்றுக்கு 87 முறை கருவி சரியாகப் பிடித்தது. அந்த நிலைக்குப் போகாத திசுவை நூற்றுக்குச் சுமார் 85 முறை அப்படி இல்லை என்று சரியாகச் சொன்னது.

நல்ல எண்கள்தான். ஆனால் திருப்பிப் படியுங்கள். நூற்றில் 13 தவறிப்போகிறது. அந்த நிலைக்குப் போகாத நூறு இடங்களில் 15 இடத்தில் வீண் சந்தேகம் கிளம்புகிறது. அந்தப் பதின்மூன்றில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் 87இல் என்ன ஆறுதல்? ஆகவே இந்தக் கருவி சதைப் பரிசோதனையை ஒழித்துவிடும் என்று சொல்பவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். எங்கே கிள்ள வேண்டும் என்று மருத்துவரின் கைக்கு வழிகாட்டும் என்பதுதான் இப்போதைக்கு நியாயமான எதிர்பார்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு பக்கமும் கிள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு குறையும் உண்டு. இழை ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் தொடும். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். அதனால் முதலில் கேமரா பரவலாகப் பார்க்க வேண்டும், சந்தேகமான இடத்தில் ஒளி தொட வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் வேலை செய்யும். எண்டோஃபோட்டானிக்ஸ் என்ற சிங்கப்பூர் நிறுவனம் இந்த ஆய்வை மருத்துவக் கருவியாக்கும் பணியில் இறங்கியது. நம் ஊர் மருத்துவமனைகளில் நாளையே கேட்டு வாங்கக்கூடிய சோதனை அல்ல இது.

இதே தேடலில் வேறு சிலரும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெவ் பெரெல்மன் குழு, சிதறும் ஒளியிலிருந்து உட்கருவின் பருமனைக் கணக்கிட்டு உணவுக்குழாயை முழுதாக வருடிப் பார்க்கும் முறையை 2010இல் வெளியிட்டது. அதே நகரில் கேரி டியர்னி குழு 2013இல் காட்டியது இன்னும் சுவாரசியமானது. நூல் கட்டிய மாத்திரை. தண்ணீரோடு விழுங்கினால் போதும், மயக்க மருந்து வேண்டாம். உள்ளே இறங்கும்போது ஒளியால் உணவுக்குழாய்ச் சுவரின் அடுக்குகளைப் படம் பிடிக்கும். சில நிமிடங்களில் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். குழாயைக் கண்டாலே ஓடுகிறவர்களுக்கு இது வந்தால் வரம்தான். படம் பிடிக்கும் மாத்திரை ஏற்கெனவே உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. 26 மில்லிமீட்டர் நீளத்தில் கேமராவும் விளக்கும் அடங்கிய அதற்கு 2001இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சிறுகுடலைப் பார்க்க நல்லது. சந்தேகமான இடத்தைக் கிள்ளி எடுக்க மட்டும் முடியாது.

நம்மவர் வயிறு

மலேசிய இந்தியர்களின் வயிறு மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு புதிர். இரைப்பைப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமான ஹெலிக்கோபேக்டர் பைலோரி கிருமி, மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடையே அதிகம். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அப்படியானால் இரைப்பைப் புற்றுநோயும் நமக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்? சீனர்களிடம்தான் அது அதிகம். கிருமி இருந்தும் நோய் அந்த அளவுக்கு இல்லை. மரபா, சாப்பாடா, கிருமியின் வகையா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. நம் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பரிசு கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

உணவுக்குழாய் என்று வந்தால் நிலைமை தலைகீழ். மலேசியாவில் ஸ்கோப் செய்துகொண்டவர்களை இனவாரியாகப் பார்த்து 2004இல் வெளியான ஆய்வில், அமிலப் புண்ணும் பேரட் மாற்றமும் இந்தியர்களிடையே கூடுதலாக இருந்தன. சீரகத் தண்ணீரில் அமர்த்திவிடும் அந்த எரிச்சலைக் கொஞ்சம் வேறு கண்ணால் பார்க்கச் சொல்லும் செய்தி இது. எரிச்சல் வந்தவரெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எரிச்சல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, சோறு தொண்டையில் சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மலம் தார்போலக் கருத்திருக்கிறது, ரத்தசோகை என்று மருத்துவர் சொல்கிறார் என்றால் மருந்துக் கடையோடு நிறுத்தக் கூடாது.

செரிமானப் பாதை வாயிலேயே தொடங்குகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய் மலேசியாவில் இந்தியர்களிடம்தான் அதிகம், அதிலும் வெற்றிலை புகையிலை போட்டுப் பழகிய மூத்த பெண்களிடம். அங்கே நீலக்கல்லும் லேசரும் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ மாறாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவர் ஒரு டார்ச் விளக்கிலேயே பார்த்துவிடுவார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பாட்டிமார்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகும் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்? பல்லே இல்லாதவருக்குப் பல் மருத்துவர் எதற்கு என்றுதான் பாதி வீடுகளில் கேட்பார்கள்.

இன்றைக்குக் கையில் இருப்பது

லேசர் வரும்வரை ஜொகூர்க் குடும்பம் என்ன செய்யலாம்? பெருங்குடலைப் பொறுத்தவரை விடை எளிது, கொஞ்சம் கூச்சமானதும்கூட. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் மலப் பரிசோதனை செய்கிறார்கள். ஒரு சின்னக் குப்பி கொடுப்பார்கள். வீட்டில் மாதிரி எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தக் கசிவு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். மனித ரத்தத்தின் புரதத்தை மட்டுமே தேடும் சோதனை என்பதால், முதல் நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு இளவயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, இதில் எது முந்துகிறதோ அப்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சோதனையில் ரத்தம் தென்பட்டால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூலமாக இருக்கலாம், சின்னப் புண்ணாக இருக்கலாம். ஆனால் அடுத்தது கொலனோஸ்கோப்பிதான், அதைத் தள்ளிப்போடக் கூடாது. நம்மவர் நழுவும் இடம் இதுதான். மலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் குழாய் என்றதும் பின்வாங்குவார். "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்பார் அம்மா. லாபிஸிலோ சிகாமட்டிலோ இருப்பவருக்கு மருத்துவமனைக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை, தேதி கிடைக்க வாரங்களும் ஆகலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு லீவு கிடைக்காது. ஒரு மாதம் மூன்று மாதமாகும், தீபாவளி கழியட்டும் என்பார்கள், பிறகு கல்யாணம் ஒன்று வரும்.

சோதனையில் பயப்பட அதிகமில்லை. முதல் நாள் மாலை ஒரு மருந்தைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உண்மையில் தொல்லை அதுதான். இரவெல்லாம் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும். மறுநாள் மயக்க ஊசி போட்டுவிடுவார்கள், பலருக்கு என்ன நடந்தது என்றே நினைவிருக்காது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே ஒரு கம்பி வளையத்தால் சுருக்கி அறுத்து எடுத்துவிடுவார்கள். பத்து ஆண்டுகளில் என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாத அந்த மொட்டு அத்தோடு ஒரு குப்பிக்குள் போய்விடும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்குக் கூட்டி வர ஒருவர் வேண்டும், ஆகவே பிள்ளைகளில் யாராவது ஒரு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும்.